பக்கவாதத்தின் பூகோளம்

"கை கால் விழுந்துவிட்டது" என்றும், "ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது" என்றும், "வாயு அடித்துவிட்டது" என்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். பண்டைக் கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயருக்கும் அடித்து வீழ்த்துதல் என்பதே பொருள். ஆங்கிலேயர் அதை அடி என்றே வழங்கினர். வட ஜப்பானின் குடியானவர்களும் "பட்டுவிட்டது" என்று பொருள்படும் ஒரு சொல்லால் அதைக் குறித்தனர். தொலைவில் வாழ்ந்த இத்தனை மக்களும் தம்முள் கலந்து பேசாமலே ஒரே கருத்துக்கு வந்திருக்கின்றனர். நேற்றுவரை நன்றாக நடமாடிய மனிதரைக் கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று ஓங்கி அடித்துவிட்டது. அதற்கு முன்னறிவிப்பு இல்லை, காரணமும் இல்லை என்பதே அக்கருத்து.

கடந்த நூறாண்டு மருத்துவ வரலாறு இக்கருத்தைப் படிப்படியாக மாற்றிவிட்டது. அடி விழுவது ஒரு நொடியில்தான். ஆனால் அது இருபது முப்பது ஆண்டுகளாக உடலுக்குள் ஆயத்தமாகி வருகிறது. அது எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் விழுவதில்லை. விழுந்த பிறகு எழுந்து நடப்போர் தொகையும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. மழையளவுக்கும் மண்வளத்துக்கும் வரைபடம் உள்ளதுபோல் பக்கவாதத்துக்கும் ஒரு பூகோளம் உண்டு.

இதை அறிந்துகொள்வதில் வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்குத் தனி அக்கறை உண்டு. தில்லிக் கரோல்பாக்கிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலும், பெங்களூர் அல்சூரிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் நாம். பிறந்த ஊரின் உடலையும், வாழும் ஊரின் காற்றையும், இரண்டும் கலந்த சமையலையும் கொண்டு வாழ்கிறோம். ஊர் மாறினால் நோயும் மாறுமா? பிறந்த மண் விட்டுவிடுமா, புகுந்த மண் பற்றிக்கொள்ளுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடியோர் சரித்திரத்தையே இங்குச் சொல்ல முற்படுகிறோம்.

காரணம் கண்ட கதை

நம் நாட்டு வைத்திய நூல்கள் இந்நோயை வாதத்தின் பாற்படுத்தின. ஆயுர்வேதம் பக்ஷாகாதம் என்றது. சித்த வைத்தியர் பக்கவாதம், பாரிசவாயு என்றனர். முகம் கோணுவதையும், நாக் குழறுவதையும், ஒரு பாதி உடல் செயலிழப்பதையும் அவர்கள் கூர்ந்து கண்டிருந்தனர். ஆனால் நோயின் இருப்பிடம் மூளையின் இரத்தக் குழாய் என்பதைப் பிணப் பரிசோதனை செய்து நிறுவியவர் சுவிட்சர்லாந்தில் ஷாஃப்ஹவுசன் நகரத்து வைத்தியரான யோஹான் யாக்கோப் வெப்ஃபர் ஆவார். 1658-இல் வெளியான தம் நூலில் அவர், இவ்வாறு மாண்டவர்களின் மூளையில் இரத்தம் கசிந்து தேங்கியிருந்ததை எடுத்துக்காட்டினார். மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதாலும் இது நேரலாம் என்றும் சொன்னார். இன்று நாம் வகுக்கும் இரு பெரும் வகைகளுக்கும் அதுவே வித்து. குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடித்துக் கசிவது மற்றொன்று.

குழாய் ஏன் அடைபடுகிறது, ஏன் வெடிக்கிறது என்று கேட்பதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. 1896-இல் இத்தாலியின் டூரின் நகரில் ரீவா-ரோச்சி என்பவர் கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் ருஷ்யாவின் கொரொட்காஃப், அப்பட்டைக்குக் கீழே நாடியின் ஒலியைக் கேட்டு மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் கணிக்கும் முறையைக் கண்டார். இன்றும் வைத்தியர் நம் கையில் பட்டை சுற்றிக் காதில் குழாய் வைத்துக் கேட்பது அந்த முறைதான். அளவு கிடைத்தது; ஆனால் அந்த அளவின் பொருள் விளங்க இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் ஜனாதிபதியாயிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1937-இல் 162-க்கு 98. 1944 மார்ச்சில் 186-க்கு 108. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அமர்ந்திருந்தவர் பின்னந்தலையில் கடும் வலி என்றார், உடனே நினைவிழந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300-க்கு 190. சில மணி நேரத்தில் மூளை இரத்தக் கசிவால் காலமானார். அவருக்கு வயது 63. நாட்டின் தலைவருக்கே, நாட்டின் சிறந்த வைத்தியர்கள் அருகிலிருந்தும், உப்பைக் குறைப்பதும் ஓய்வு கொள்வதும் தவிர இரத்த அழுத்தத்தை அடக்கத் தக்க மருந்து அன்று இல்லை.

ஒரு நாட்டின் இடுப்புப் பட்டை

ரூஸ்வெல்ட் நியூயார்க்கைச் சேர்ந்தவர். அவர் ஜார்ஜியாவில் மாண்டது தற்செயல். எனினும் அந்த ஜார்ஜியாவைச் சுற்றியே அமெரிக்கப் பக்கவாதச் சரித்திரம் சுழல்கிறது. நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில் பக்கவாத மரணம் பிற இடங்களைக் காட்டிலும் மிகுதியாக இருப்பது 1940 அளவிலேயே மரணக் கணக்குகளில் புலப்பட்டது. 1965-இல் போர்ஹானி என்ற ஆய்வாளர் இதை விரிவாக வெளியிட்டார். வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, டென்னசி, அலபாமா, மிசிசிப்பி, ஆர்க்கன்சா, லூசியானா ஆகிய எட்டு மாநிலங்களும் வரைபடத்தில் ஓர் இடுப்புப் பட்டைபோல் வளைந்து கிடந்ததால் அப்பகுதிக்குப் பக்கவாதப் பட்டை என்றே பெயர் நிலைத்தது. முதல் மூன்று மாநிலங்களின் கடலோரச் சமவெளியில் நோய் இன்னும் கடுமை. அதனைப் பட்டையின் கொக்கி என்பர்.

காரணம் என்ன? நீரா, மண்ணா, குடிவழியா, கொழுப்பும் உப்பும் மிகுந்த தென்னாட்டு உணவா, வறுமையா, கறுப்பின மக்கள் தலைமுறைகளாகப் பட்ட துன்பமா? இக்கேள்விகளை ஒருங்கே ஆராய 2003-இல் தொடங்கிய ஒரு பெரும் ஆய்வு 45 வயதைக் கடந்த 30,239 பேரை நாடெங்கும் சேர்த்துக்கொண்டது. ஒரே காரணம் அகப்படவில்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், உணவு, வருவாய், கல்வி, வைத்தியரை அணுகும் வசதி என்று பல இழைகள் பின்னிக் கிடந்தன. பட்டை என்ற பெயர் பொருத்தமானதே. பட்டை ஒரே நூலால் நெய்யப்படுவதில்லை.

உப்பும் பனியும்

இதே காலத்தில் ஜப்பான் தன் துயரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. அந்நாட்டில் 1951 முதல் 1980 வரை மரணத்தின் முதற் காரணம் பக்கவாதமே. அதிலும் வடகிழக்கே அக்கித்தா, அவொமோரி முதலிய பகுதிகளில் நடு வயதுக் குடியானவர்களே ஏராளமாக விழுந்தனர். ஆண்டில் பல மாதம் பனி மூடிய நிலம் அது. பனிக்காலத்துக்கெனக் காய்கறிகளையும் மீனையும் உப்பிலிட்டு வைப்பர். உப்பு மிகுந்த சோயாக் கூழில் சாறு வைப்பர். நிறையச் சோற்றுக்குச் சிறிதளவு ஊறுகாய் என்பது அன்றாட உணவு. புரதம் குறைவு, வீடுகள் குளிர் மிக்கவை.

ஹிரொசாகிப் பல்கலைக்கழகத்துச் சசாகி நஒசுக்கே 1950-களில் ஊர் ஊராகச் சென்று மக்களின் இரத்த அழுத்தத்தை அளந்தார். உப்பு மிகுந்த ஊர்களில் அழுத்தமும் மிகுந்திருந்தது. ஆப்பிள் விளைந்து மக்கள் அதை நிறைய உண்ட ஊர்களில் அழுத்தம் சற்றுத் தாழ்ந்திருந்ததையும் அவர் கண்டார். பழத்தில் உள்ள பொட்டாசியம் உப்பின் தீமையை ஓரளவு ஈடுசெய்கிறது என்பது பிற்கால விளக்கம். 1960-இல் அமெரிக்க விஞ்ஞானி லூயி டால் வெளியிட்ட ஒப்பீட்டில், வட ஜப்பானியர் நாளொன்றுக்கு உண்ட உப்பு ஏறத்தாழ 27 கிராம், தென் ஜப்பானியர் உண்டது 14 கிராம் என்று காணப்பட்டது. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்பதே நலம் என்பது இன்றைய உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அக்கித்தாவின் குடியானவர் அதுபோல் ஐந்து மடங்கு உண்டார்.

ஜப்பானியர் கணக்கெடுத்ததோடு நிற்கவில்லை. அக்கித்தாவின் இக்காவா என்னும் ஊரில் 1963-இல் கொமாச்சி யொஷியோ தலைமையில் வந்த வைத்தியர் குழு, நடு வயதினர் அனைவரையும் அழைத்து ஆண்டுதோறும் இரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கியது. அழுத்தம் மிகுந்தவர்களின் வீடு தேடிச் சுகாதாரத் தாதியர் சென்றனர். சமையலில் உப்பைக் குறைக்கும் வழியைப் பெண்களுக்குச் செய்து காட்டினர். மருந்து விடாமல் உண்ணப்படுகிறதா என்று பார்த்தனர். முயற்சி முழுமையாக நடந்த ஊரில் பக்கவாதம் விரைவாகக் குறைந்தது. அரைகுறையாக நடந்த அண்டை ஊரில் அத்தகைய குறைவு காணவில்லை. 1961-இல் நாட்டு மக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைத்தது. குளிர்ப்பெட்டி வந்ததும் உப்பிலிடும் தேவை தளர்ந்தது. 1965-க்கும் 1990-க்கும் இடையில் வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணித்த ஜப்பானியப் பக்கவாத மரண வீதம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக இறங்கிற்று. ஒரு தலைமுறைக்குள் ஒரு நாடு தன் தலைவிதி என்று நம்பியதைத் திருத்தி எழுதிக்கொண்டது.

கடல் கடந்தவர்கள்

இனி நம் கேள்விக்கு வருவோம். ஊரை விட்டுப் போனவர்கள் என்ன ஆனார்கள்?

1965-இல் தொடங்கிய ஓர் ஆய்வு ஜப்பானியக் குடிவழியில் வந்த ஆடவரை மூன்று இடங்களில் ஒப்பிட்டது. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் வாழ்ந்தோர் ஒரு சாரார். ஹவாய்த் தீவில் குடியேறியோர் மற்றொரு சாரார். கலிபோர்னியாவில் குடியேறியோர் மூன்றாம் சாரார். குடிவழி ஒன்றே, மண்ணும் உணவும் வேறு. ஜப்பானிலேயே இருந்தோருக்கு ஹவாயினரைவிடப் பக்கவாதம் மிகுதி. ஆனால் இதய நோயின் வரிசை தலைகீழ்: ஜப்பானில் மிகக் குறைவு, ஹவாயில் இடைநிலை, கலிபோர்னியாவில் மிகுதி. புலம்பெயர்ந்தவர் ஓர் இடரைக் கரையில் விட்டுக் கப்பலேறினார். இறங்கிய கரையில் வேறோர் இடர் அவருக்குக் காத்திருந்தது. குடிவழி மட்டுமே விதியன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

அமெரிக்கப் பட்டையோ வேறொரு பாடம் சொன்னது. அப்பகுதியில் பிறந்து இளமையில் வெளியேறி வேறு மாநிலங்களில் வாழ்ந்தோரையும் ஆராய்ந்தனர். அவர்களுக்கும் பக்கவாத மரண இடர் சற்று மிகுந்தே இருந்தது. பிறந்த இடமும் வாழும் இடமும் தனித்தனியே தத்தம் பங்கைச் செலுத்தின. தாயின் ஊட்டம், பிள்ளைப் பருவத்து உணவு, இளமையில் ஊறிய நாச்சுவை இவை மூட்டை கட்டாமலே நம்முடன் வருகின்றன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு விளங்குவது இது. பிறந்த ஊர் நம்மை முழுதும் விடுவதில்லை. புகுந்த ஊரும் நம்மை வாளாவிடுவதில்லை. ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் ஆவக்காயும் நாரத்தங்காயும் அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடும் பெட்டியில் வருகின்றன. அவற்றில் தாய்நாட்டின் மணம் இருக்கிறது. அக்கித்தாவின் உப்பும் இருக்கிறது. அதன்மேல் புகுந்த ஊரின் கச்சோரியும் நம்கீனும் சேர்ந்தால் இரு மண்ணின் உப்பையும் ஒரே உடல் சுமக்கிறது.

நம் நாட்டு வேர்

இரத்த அழுத்தத்தை அடக்கும் மருந்தின் சரித்திரத்தில் பாரத நாட்டுக்குப் பெருமை தரும் ஓர் ஏடு உண்டு. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை நம் வைத்தியர் தொன்றுதொட்டுப் பாம்புக்கடிக்கும், உறக்கமின்மைக்கும், சித்தப்பிரமைக்கும் கொடுத்து வந்தனர். 1931-இல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை எழுதினர். 1949-இல் பம்பாயின் இதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது.

1967-இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த சோதனையொன்று முடிவை வெளியிட்டது. கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவர் அதில் சேர்ந்தனர். ஒரு பாதியினருக்கு மருந்து. மறு பாதியினருக்கு மருந்துபோல் தோன்றிய வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை உண்டவரில் 27 பேருக்குக் கடுங்கேடுகள் நேர்ந்தன. மருந்து உண்டவரில் 2 பேருக்கு மட்டுமே. அம்மருந்துக் கூட்டில் ஒன்று ரிசர்ப்பின். ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது, அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளில் சாதாரண வீரர்களுக்குக் கிடைத்தது. அதில் நம் நாட்டுக் காட்டு வேர் ஒன்றுக்கும் பங்கு இருந்தது. மனச்சோர்வு முதலிய தீய விளைவுகளால் ரிசர்ப்பின் பிற்காலத்தில் பின்தள்ளப்பட்டு, மேம்பட்ட மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. ஆயினும் அழுத்தத்தை அடக்கினால் அடியைத் தடுக்கலாம் என்ற உண்மை அப்போது ஐயமற நிலைபெற்றது.

பாரதத்தின் வரைபடம்

நம் நாட்டில் இந்நோயை வீடு வீடாகச் சென்று எண்ணிய முதல் முயற்சிகளுள் ஒன்று தமிழகத்தில் வேலூரில் நடந்தது. 1968-69-இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே தேடியபோது, பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து வாழ்ந்தோர் இலட்சத்துக்கு ஏறத்தாழ 57 பேர் என்று தெரிந்தது. 1970-களின் தொடக்கத்தில் அரியானாவின் ரோத்தக்கில் இலட்சத்துக்கு 44. ஆனால் 1980-களில் மும்பைப் பார்சி சமூகத்தாரிடையே எண்ணியபோது இலட்சத்துக்கு 842 வந்தது.

இவ்வெண்களைக் கண்டு அவசர முடிவுக்கு வருதல் தகாது. பார்சி சமூகத்தாரில் முதியோர் மிகுதி. பக்கவாதம் பெரும்பாலும் முதுமையோடு வளர்வது. அன்றைய வேலூரிலும் ரோத்தக்கிலும் மக்கள் தொகை இளமையானது. இன்னொன்றும் உண்டு. இவை நோயோடு உயிர் வாழ்வோரின் கணக்கு. அடிபட்டவர் உடனே மாண்டுவிடும் ஊரில் இக்கணக்கு சிறியதாகவே தெரியும். ஆகவே ஆண்டுதோறும் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வருகிறது, வந்தவர்களில் ஒரு மாதத்துக்குள் எத்தனை பேர் இறக்கின்றனர் என்ற இரண்டையும் எண்ணினால்தான் உண்மை விளங்கும்.

இந்நூற்றாண்டில் அப்படியே எண்ணினர். 2003 முதல் 2005 வரை கொல்கத்தாவில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 145 பேர் புதிதாக நோயுற்றனர். 2005-இல் திருவனந்தபுரத்தில் வயதைச் சரிசெய்து கணித்தபோது நகரத்தில் 135, கிராமத்தில் 138. 2005-06-இல் மும்பையில் 25 வயதைக் கடந்தோரிடையே 145. 2010-க்குப் பின் லூதியானாவில் வயது வந்தோரிடையே வயதைச் சரிசெய்து கணித்தது 130. கணக்கெடுத்த வயதும் முறையும் இடத்துக்கு இடம் சிறிது வேறாயினும் எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. மேலை நாடுகளில் முதுமையின் நோயாகிவிட்ட இது, இங்கே பல ஆண்டுகள் முன்னதாகவே, குடும்பத்தின் பாரம் தாங்கும் வயதில் வந்துவிடுகிறது.

மாநிலங்களை ஒப்பிட்டுப் பின்னர் வந்த மதிப்பீடுகள் வேறொரு காட்சியைக் காட்டின. மேற்கு வங்காளம், ஒடிசா, அசாம், திரிபுரா, சத்தீஸ்கர் என்று கிழக்கு நோக்கிச் செல்லச் செல்லப் பக்கவாதத்தின் சுமை கனக்கிறது. கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு முதலிய மாநிலங்களிலோ இதய நோய் முந்தி நிற்கிறது. அமெரிக்காவுக்கு ஒரு பட்டை இருப்பதுபோல் நமக்கும் கிழக்கே ஒரு பட்டை உண்டு எனலாம். இதை நுணுகி அறியவே கட்டாக், வாரணாசி, திருநெல்வேலி, காச்சார், கோட்டா ஆகிய ஐந்து இடங்களில் மக்கள் தொகை அடிப்படையிலான பக்கவாதப் பதிவேடுகள் அமைந்தன. நம் திருநெல்வேலியும் அசாமின் காச்சாரும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களாயின.

பிழைப்பதில் உள்ள வேற்றுமை

நோய் வருவதில் காணும் வேற்றுமையைவிடப் பிழைப்பதில் காணும் வேற்றுமையே நம் நெஞ்சைச் சுடுவது. மேற்சொன்ன ஆய்வுகளில் ஒரு மாத அளவில் மாண்டவர்கள் கொல்கத்தாவில் நூற்றுக்கு 41, மும்பையில் 30, லூதியானாவில் 22. கொல்கத்தாவில் இரத்தக் கசிவு வகை மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. அவ்வகை உயிர் குடிப்பதில் கொடியது. ஆனால் திருவனந்தபுரக் கணக்கைப் பாருங்கள். நகரத்திலும் கிராமத்திலும் நோய் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தது. மாண்டவர்களோ நகரத்தில் நூற்றுக்கு 24.5, கிராமத்தில் 37.1. ஒரே மாவட்டம், ஒரே மொழி, ஒரே உணவு. கல்வியிற் சிறந்த கேரளம். அங்கேயும் சில மைல் தொலைவு உயிருக்கும் மரணத்துக்கும் இடையே நின்றது.

அந்தத் தொலைவு ஏன் உயிர்நிலையாயிற்று? 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை வெட்டாமலே உள்ளே படம் பிடித்தது. அடைப்பா, கசிவா என்று பிரித்தறியும் வழி அன்று திறந்தது. 1995-இல் அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து, நோய் தொடங்கி 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால் பயன் தரும் என்று நிறுவப்பட்டது. 2008-இல் அந்த எல்லை நாலரை மணியாக நீண்டது. 2015-இல் குழாய்க்குள் நுண்கம்பி செலுத்தி அடைப்பையே இழுத்து வெளியேற்றும் முறை நிலைபெற்றது. இவ்வளவும் மணிக்கணக்கைப் பொறுத்தவை. கசிவாயின் அதே ஊசி நஞ்சாகிவிடும். ஆகவே படம் எடுக்கும் கருவி உள்ள மருத்துவமனைக்கே நோயாளி நேரே செல்ல வேண்டும். பாதி வழியில் எண்ணெய் தேய்த்துக் காலம் கழித்தவர்களும், "காலையில் பார்ப்போம்" என்று படுக்க வைத்தவர்களும் இழந்தது மருந்தையன்று, நேரத்தை.

தொலைவை வெல்லவும் வழி உண்டு என்று இமாசலப் பிரதேசம் காட்டியது. 2014-இல் அம்மாநில அரசு அடைப்பைக் கரைக்கும் மருந்தை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வைத்தது. மலை நாட்டுச் சிறு மருத்துவமனையின் வைத்தியர் மூளைப் படத்தைக் கைபேசி வழியே நகரத்து நரம்பியல் நிபுணருக்கு அனுப்பி, அவர் சொற்படி ஊசி போட்டார். தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. இக்காவாவில் 1963-இல் வீடு தேடிச் சென்ற தாதியரின் காலடித் தடத்தை நாம் அதில் காண்கிறோம்.

மொழியும் மீட்சியும்

பிழைத்தவருக்கு இன்னொரு சோதனை உண்டு. பலருக்குப் பேச்சுப் போய்விடுகிறது. பல மொழி அறிந்தவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் இருவர் இதில் மாறுபட்டனர். குழந்தையில் கற்ற மொழியே முதலில் மீளும் என்பது ரீபோவின் கருத்து. நோயுற்ற காலத்தில் மிகுதியாகப் பழகிய மொழியே முதலில் மீளும் என்று 1895-இல் பீட்ரே சொன்னார். இரு வகையும் காணப்படுகின்றன. இரு மொழியும் ஒருசேர மீள்வதும் உண்டு. முப்பதாண்டு அலுவலகத்தில் இந்தியே பேசிய தந்தை திடீரென்று தமிழ் ஒன்றே பேசினாலும், தமிழை மறந்து வங்காளியில் தண்ணீர் கேட்டாலும், அவர் புத்தி பேதலித்துவிட்டது என்று நாம் கலங்க வேண்டுவதில்லை. வைத்தியரிடம் மட்டும் அவர் அறிந்த மொழிகள் யாவை என்று தவறாமல் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு சொல் வருகிறதென்றால், பேச்சு முற்றிலும் போய்விடவில்லை என்பது அதனால்தான் விளங்கும்.

இதில் நமக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் பக்கவாதமுற்ற 608 பேரை ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். நோய்க்குப் பின்னும் நினைவும் சிந்தனையும் குறையாமல் இருந்தோர் ஒரு மொழி மட்டும் அறிந்தவரில் நூற்றுக்கு 20 பேர். இரண்டும் அதற்கு மேலும் அறிந்தவரில் நூற்றுக்கு 40 பேர். வேற்று மண்ணில் பிழைப்புக்காக நாம் கற்ற மொழி, இடர் வந்த நாளில் மூளைக்கு ஒரு சேமிப்பாகவும் உதவக்கூடும். பிள்ளைகளுக்குத் தமிழை விடாமல் கற்பிப்போருக்கு இது ஒரு புதிய காரணம்.

நேயர்களே, இச்சரித்திரத்தை எத்தனை விரித்தாலும் முடிவில் அது நம் வீட்டு வாசலில் வந்தே நிற்கிறது. ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று நமக்குத் தெரியுமா? அவர்கள் உண்ணும் மாத்திரையின் பெயர் தெரியுமா? முகம் ஒரு புறம் கோணினால், உயர்த்திய கை ஒன்று தானே தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், அடுத்த நொடி எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கிறோமா? பகலில் நாம் வேலைக்குப் போன பிறகு, அவ்வூர் மொழி அறியாத அவர்களுக்காக 108-க்கோ 112-க்கோ பேசப் பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறாரா? நோய் தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை வீட்டில் உள்ள சிறுவர்களுக்கும் சொல்லியிருக்கிறோமா?

அக்கித்தாவின் குடியானவர் பனியை மாற்றவில்லை. ஊரை விட்டும் ஓடவில்லை. ஊறுகாய்ச் சாடியில் உப்பைக் குறைத்தார். ஆண்டுக்கொரு முறை கையை நீட்டி அழுத்தம் பார்த்துக்கொண்டார். மாத்திரையை விடாமல் உண்டார். ஒரு தலைமுறையில் அந்நாட்டு வரைபடத்தின் நிறமே மாறிவிட்டது. அம்மூன்றையும் செய்வதற்கு நாம் எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பது ஒரு தடையன்று.